வெறும் வண்டி

எம்.ரெட்டியபட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் ராஜகுருவைத் தாராளமானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கறாரானவர். எடையில் ஒரு கை கூடவும் போடமாட்டார், குறைக்கவும் மாட்டார். வண்டி வெறுமனே ஓடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அருப்புக்கோட்டையில் கல்யாணம் என்றாலும் காரின் பின்னால் இரண்டு மூடை தவிடு இருக்கும். வழியில் யார் வீட்டிலாவது இறக்கிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழைவார். பட்டு வேட்டியில் தவிடு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி மனைவி கனகலட்சுமிக்கு அலுத்துவிட்டது.

அந்த வெள்ளைக் காருக்குப் பத்தொன்பது வயது. பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூடை ஏற்றி ஏற்றியே அதை ஒரு வழி பண்ணியிருந்தார். போன தை மாதம் கியர்பாக்ஸும் போனது. இனிமேல் இதற்குச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். கடைக்குத் தோதாகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடுவது என்று ராஜகுரு முடிவு செய்தார்.

ஒரே ஒரு சிக்கல், கனகலட்சுமியின் இடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் கடைச் சரக்கை அடுக்கும் கிட்டங்கியில் சிந்திக்கிடந்த பருத்திக்கொட்டையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் நடைப்பயிற்சி செய்ய வேண்டும். அதை விட்டால் மறுபடியும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் படி அவளால் ஏற முடியாது, ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடும். அதனால் வாங்குகிற பிக்கப் இருபது மூடையையும் தாங்க வேண்டும், அவளையும் நோகாமல் கொண்டுபோக வேண்டும். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள அந்தக் கடைக்கு வசதி போதாது.

பாலவனத்தத்தில் இருந்த புரோக்கர் மாரிக்கண்ணன் மூன்று வண்டிகளைக் காட்டினார். இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை, என்ன லோடு அடித்த வண்டி என்றுதான் கேட்பார்கள். முதல் வண்டி பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஏற்றியது. ராஜகுருவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரிடம் புண்ணாக்கு வாங்குகிறவர்களுக்கு இருந்தது, ஆகவே வேண்டாம் என்றார். இரண்டாவது, தூத்துக்குடி உப்பு ஏற்றியது. தரையை உப்பு அரித்து, விரலால் குத்தினால் உதிர்ந்தது. மூன்றாவது வண்டி ஆறு வருஷம் முட்டை ஏற்றியது.

மாரிக்கண்ணன் அதன் கதவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “முட்டைக்கே நோகாத வண்டி அண்ணாச்சி. மதினிக்கா நோகப்போகுது?”

ராஜகுருவுக்கு அந்தக் கணக்குப் பிடித்திருந்தது. என்றாலும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் அவர் இல்லை. அன்று விருதுநகரில் அவருக்கு இருபது மூடை பருத்திக்கொட்டை எடுக்க வேண்டியிருந்தது. வண்டியை அங்கே வரச்சொல்லி, சரக்கை ஏற்றி, எம்.ரெட்டியபட்டி வரைக்கும் சோதனை ஓட்டம் வைத்தார். வண்டியையும் பார்த்தாயிற்று, லோடு வாடகையும் மிச்சம். மாரிக்கண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டு, கனகலட்சுமி உட்காரப்போகிற இடத்தில் தானே உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். வேகத்தடைகளில்கூட வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. வீட்டு வாசலில் இறங்கியதும் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கனகலட்சுமியை ஏற்றிக்கொண்டு போனார். அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அன்றைக்கு ஒரு மூடைகூட ஏற்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வெறும் வண்டி ஓட்டினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே வண்டி குதிக்க ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்துக்கும் பின்பக்கம் எகிறி விழுந்தது. கனகலட்சுமி முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி அழுதாள். எலும்பு முறிந்த அன்றைக்குக்கூட அவள் அழுததில்லை. ராஜகுரு பயந்துபோனார்.

இரண்டு வாரம் அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்துகிறவள் அவள்தான். அவள் படுத்துவிட்டதால் ராஜகுரு வியாபாரத்துக்குச் சுற்றுவதும் நின்றது.

அவர் வண்டியை மாரிக்கண்ணனிடமே கொண்டுபோய் நிறுத்திச் சண்டை போட்டார். மாரிக்கண்ணன் கோபப்படவில்லை. லோடு வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை கனமாக இருக்கும், பாரம் இருந்தால்தான் அது படிந்து கொடுக்கும், முட்டைக்காரர் ஒருநாளும் வெறும் வண்டி ஓட்டியதில்லை என்று விளக்கினார். இரண்டு பட்டையைக் கழற்றிவிட்டால் மெத்தென்று போகும், ஆனால் இருபது மூடை ஏற்ற முடியாது.

“நீங்க எப்பவும் லோடோட போறவுகன்னுதான் நான் சொல்லலை அண்ணாச்சி” என்றார்.

சோதனை ஓட்டத்தையே லோடோடு வைத்தது தன் தப்புதான் என்று ராஜகுருவுக்குப் புரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வந்தது. இனி அந்த வண்டியில் ஏறுவதில்லை, நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்வதற்காகக் கனகலட்சுமி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ராஜகுரு பனியன் நனைய மூடை ஏற்றிக்கொண்டிருந்தார். பதினெட்டு ஏறியிருந்தது. தன் கண்ணுக்கெதிரே வியாபாரத்தையும் முடித்துக்கொண்டு வரப் பார்க்கிறார் என்று அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“எந்த ஊருக்கு லோடு?” என்றாள்.

“எந்த ஊருக்கும் இல்ல. ஏறு.”

கல்லாவில் உட்கார்ந்து பழகியவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஏறிக்கொண்டாள். வண்டி அருப்புக்கோட்டை வரைக்கும் அலுங்காமல் போனது.

ஏழு மாதமாக அந்த இருபது மூடையும் வெள்ளிக்கிழமை போய்விட்டு வெள்ளிக்கிழமையே திரும்பி வருகின்றன. மற்ற நாளில் கிட்டங்கியில் தனியாகக் கிடக்கும். சாக்கில் இருந்த மில் முத்திரை மங்கிவிட்டது, உள்ளே கொட்டை காறல் வாடை அடிக்க ஆரம்பித்திருக்கும். சரக்கு ஒரு மாதம் தங்கினாலே தூக்கம் கெடுகிற மனிதர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சரக்குக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று கடைத்தெருவில் கேலி செய்கிறார்கள்.

புரட்டாசியில் மழை பிடித்து, பருத்திக்கொட்டை வரத்து நின்றுபோனது. அந்தச் சமயத்தில் பரளச்சி மொக்கையன், பல வருஷ வாடிக்கை, ஆஸ்பத்திரி வாசலில் ராஜகுருவைப் பார்த்துவிட்டார். வண்டியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு மூடை இப்போதே இறக்குங்கள், கேட்கிற விலை தருகிறேன் என்றார்.

“இது வித்தாச்சு மொக்கையா.”

“இருவதுமா? அப்படி யாரு அண்ணாச்சி மொத்தமா எடுத்தது?”

ஆஸ்பத்திரிப் படியில் கனகலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் வாக்கர் இல்லை.

ராஜகுரு மோவாயால் அந்தப் பக்கம் காட்டினார்.

“இந்தா நடந்து வாராகள்ல, அவுக.”