நான் தள்ளிவிட்ட ரிஷூப் பெட்டி

ஆண்களை விரும்பும் ஆண்கள் கொழும்பில்தான் இருப்பார்கள், மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். மனநல ஆலோசனை தரப் பயிலும் உளவளத்துணையாளர்களில் அப்படி ஒருவர் இருந்தால் மேற்பார்வையாளர் எப்படி ஆதரவு தரவேண்டும் என்று வகுப்பும் எடுத்திருக்கிறேன். வகுப்பு நன்றாகப் போனது. அதுவரை என்னிடம் ஒருவரும் வந்திருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பயில்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்னுடன் கலந்துபேசும் மேற்பார்வை நேரத்தில், என்னிடம் பயிலும் இருபத்தெட்டு வயதுக்காரர் கோப்பினை மூடிவிட்டுச் சொன்னார்: "சேர், எனக்குப் பொம்பிளையளில விருப்பம் வாறதில்ல. ஆம்பிளையளிலதான்."

கண் துடைக்கும் தாள் வைத்திருக்கும் ரிஷூப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அழவில்லை. முன்னுக்குச் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இத எப்ப இருந்து உணர்ந்தீங்க?" என்றேன். அதற்குள் என் கை புதிதாக ஆலோசனைக்கு வருபவர்களுக்கான படிவத்தை உருவி, அவர் பெயரை எழுதத் தொடங்கியிருந்தது.

"சேர், நான் ஆலோசனைக்கு வரல்ல. மேற்பார்வைக்கு வந்தன்."

"ஓம், ஓம்."

"படிவத்த வைங்க."

வைத்தேன். எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டப் போனேன். அது ஏற்கெனவே ஐந்தில் இருந்தது.

அவருடைய சிக்கல் வேறு. பெரியகல்லாற்றிலிருந்து அவரிடம் ஆலோசனைக்கு வரும் ஓர் அம்மா, மகனைக் கடலில் பறிகொடுத்தவர். மகனைப் பற்றிய பேச்சு வலிக்கும் இடத்துக்கு வந்ததும், "மனே, செட்டிபாளையத்தில ஒரு பொண்ணிரிக்கு, பாப்பமா?" என்று திருப்பிவிடுவார். இவர் பேச்சை மகனிடம் திருப்பத் தெரியாமல் குறிப்பேட்டைப் புரட்டுவார். பொய் சொல்ல மனமில்லை. உண்மையைச் சொன்னால் ஊர் அறியும். சட்டத்திலும் அது இன்னும் குற்றம். அவரைப் பற்றி நான் எழுதும் அறிக்கையில் ஏறினால் பயிற்சியும் போய்விடும்.

"எழுதுவீங்களா, சேர்?"

"அறிக்கை உங்கட வேலையப் பத்தினது. இதுக்கு அதில இடமில்ல." அன்று நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை.

"அப்ப அந்த அம்மாவுக்கு என்னத்தச் சொல்ற?"

"நானெண்டா, கலியாணம் முடிச்சிட்டன் எண்டு சொல்லுவன்."

"நீங்க முடிச்சிட்டீங்க, சேர்."

ஒத்திகை பார்த்தோம். நான்தான் அம்மா. வீடும் வளவும் சீதனமாகத் தருவதாக வற்புறுத்தினேன்.

"நல்லா நடிக்கிறீங்க. இனிக் கொஞ்சம் மேற்பார்வையாளராவும் நடிங்க."

அடுத்த வாரம் அம்மா பொண்ணைப் பற்றிக் கேட்டபோது அவர், "என்ட கலியாணத்த இங்க கதைக்கிறதில்ல, அம்மா. மகன் தோணிய இறக்கின இடத்தில கதைய நிப்பாட்டினீங்க," என்றார். அம்மா முக்கால் மணிநேரம் மகனைப் பற்றிப் பேசினார். தனியாகப் பணிபுரியத் தகுதியானவர் என்று நான் அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டேன்.