மருந்து அடித்த பச்சிலை

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத் தோட்டத்தில் என் மனைவி காலில் அரிவாள் பட்டபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். நிழல் மரத்துக் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தவள், கை தவறிக் கெண்டைக்காலில் வெட்டிக்கொண்டாள். ரத்தம் குபுகுபுவென்று வந்தது. தலைத்துண்டை அவிழ்த்து அழுத்தினேன். அதுவும் நனைந்தது.

எங்களோடு வேலை பார்க்கும் அக்கா ஓடிவந்தார். பாதையோரத்தில் வெட்டுக்காயப் பூண்டு பசேலென்று கிடந்தது. மலையில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் அதை மென்று, சாற்றோடு காயத்தில் வைத்துக் கட்டிவிட்டுத்தான் ஜீப்பைத் தேடுவோம். அக்கா ஒரு பிடி பறித்தார்.

முந்தின நாள் அந்தப் பாதை நெடுகக் களைக்கொல்லி அடித்தவன் நான். களை வெட்ட ஆள் தேடி அலுத்துப் போயிருந்தேன். அந்த மருந்து தோட்டத்துக்குள் வரவே கூடாது என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். அவள் போடிக்குப் போன நாளாக, அக்காவும் வராத நாளாகப் பார்த்து அடித்தேன். மறுநாளே செடி வாடிவிடாது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சொன்னால் குட்டு உடைந்துவிடும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அக்கா இலையை வாயருகே கொண்டுபோகும் வரை நான் அதைத்தான் யோசித்தேன்.

“அக்கா, மெல்லாதீக! நேத்து மருந்து அடிச்சிருக்கேன்!”

அக்கா இலையை வீசினார். “அடிக்காத எடம் எங்கிட்டுய்யா இருக்கு? வெரசாச் சொல்லு!”

“ஓடைக்கு அந்தப் பக்கம்.”

அவர் ஓடினார். நான் மனைவியின் காலைத் தூக்கிப் பிடித்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலிடுக்கில் சூடாகக் கசிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அவள் கத்தியிருந்தால் தேவலை.

அக்கா வந்து, ஓடையில் கழுவிய இலையை மென்று வைத்து, சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கசிவு மட்டுப்பட்டது. தையல் போட வேண்டிய காயம் என்று அக்கா சொன்னார். ஜீப்பில் ஏற்றிப் போடிக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாதி மலை இறங்கியதும் அவள் கேட்டாள்.

“அக்கா பறிக்கையிலேயே தெரியும்ல உங்களுக்கு? வாய்க்குப் போற வரைக்கும் என்னத்த யோசிச்சீக?”