அந்தச் சொல்லுக்குக் கீழே என் கையெழுத்து இல்லை

ஒத்தக்கடையைத் தாண்டி, வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. நாற்பது வருடமாக அங்கேதான் இருக்கிறேன். கரண்டு மீட்டரை மாட்டியது அரசாங்கம். தெருக்குழாய் போட்டதும் அரசாங்கம். வாக்காளர் சீட்டில் என் கதவு எண் போட்டு வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். போன மாதம் அதே கதவுக்குப் பக்கத்தில், இடிக்க வேண்டிய வீடு என்று சுவரில் சிவப்பு மையால் வேறொரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நான் ஆக்கிரமிப்பாளர்.

இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. அதை ஒளிக்க மாட்டேன். இரண்டு வருடம் முன்பு மேலூர் ரோட்டோரக் கடைகளை இடித்தபோது டிவியில் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று ஓடியது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லா வேணும், ரோட்டையே மடக்கிப் போட்டாய்ங்க" என்றேன். அதில் ஒன்று, நான் வாரம் தவறாமல் பணியாரம் வாங்கின கடை. அந்தக் கடைக்காரம்மா அங்கே எத்தனை வருடம் அடுப்பு மூட்டினாள், அப்புறம் எங்கே போனாள், ஒன்றும் நான் விசாரிக்கவில்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும், இடித்தது சரி என்றே எனக்குப் பட்டுவிட்டது.

சென்ற வாரம் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு தம்பி படிவங்களோடு வந்தார். கையெழுத்துப் போட்டால் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு. போடாவிட்டால் இடிப்பு மட்டும்தான் என்றார். தெருவே குழாயடியில் கூடிவிட்டது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவரை நிற்க வைத்துவிட்டுக் கூட்டினேன். "அரசு நிலத்தை ஆக்கிரமித்தவராகிய நான்" என்று ஆரம்பித்தது.

"இந்த வரிய அடிச்சுட்டுக் குடுங்க தம்பி, போடுறேன்."

"அது சும்மா ஒரு வார்த்தை அப்பத்தா. எல்லாருக்கும் ஒரே அச்சுத்தான்."

"சும்மாதான? அப்ப எடுத்துருங்க."

என் மகன் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "ஆத்தா, வீடு போயிரும். போட்டுத் தொலை."

"போடா. அடுத்தவன் எடத்தத் திருடுனேன்னு ஒத்துக்கிட்டு வாங்குற வீட்டுல எப்புடிடா காலை நீட்டிப் படுப்பேன்?"

பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்தாள். "ஏந்தம்பி, வார எலெக்சனுக்கு மைக்குல 'அன்பார்ந்த ஆக்கிரமிப்பாளர்களே'ன்னா கூப்புடுவீக?"

குழாயடியே சிரித்தது. அந்தத் தம்பிக்கும் உதடு லேசாக இழுத்துக்கொண்டது, அடக்கிக்கொண்டார்.

நான் படிவத்தை முழங்காலில் வைத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் "நாப்பது வருசமாக் குடியிருக்கேன்" என்று எழுதினேன். இடம் பற்றாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் சரிந்து இறங்கின. அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

"இது செல்லாதும்மா."

"செல்லாதுன்னு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தும் போட்டு."

அவர் எழுதித் தரவில்லை. படிவத்தைத் திருப்பித் தரவும் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குடத்துக்காரி தன் படிவத்தை என் மடியில் போட்டாள். "எனக்கும் அதே மாதிரி எழுதுங்கக்கா. எனக்கு இருவத்தெட்டு வருசம்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் ஒன்பது பேருக்கு எழுதினேன். விரல் மரத்துப்போனது. அத்தனையையும் அந்தத் தம்பி வாங்கிக்கொண்டு போனார்.

வீடு வருமா வராதா, இன்னும் ஒரு சேதியும் இல்லை. மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆபீசில் யார் அந்தக் காகிதங்களை எடுத்தாலும், அடித்த வரியைத் தாண்டி எங்கள் வருடங்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். என் கோணல் எழுத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.