மாசி அமாவாசைக்குள் வராத ஆப்

கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து சுமாராகத்தான் வரும்.

தொண்ணூற்று மூன்றில் ஸ்டியரிங் பிடித்தேன். இப்போது சொந்த வேன். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும். மற்ற நாளில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி. அமாவாசை என்றால் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு செஞ்சி வழியாகப் போவோம். ஆறு வேன்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டினோம். மூன்று வண்டி திண்டிவனத்தில், மூன்று விழுப்புரத்தில். சீட்டு வேண்டும் என்பவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். நான் நோட்டில் பெயர் எழுதுவேன்.

விழுப்புரத்து மூன்றில் ஒன்று என் கூட்டாளியுடைய வண்டி. கெடார்க்காரன். நானும் அவனும் ஒரே லாரியில் கிளீனராக இருந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் வண்டி ரிப்பேர் என்றால் என் வண்டி போகும். என் வண்டி படுத்தால் அவன் வருவான். இதைப் பேசி முடிவு செய்ததில்லை. அப்படித்தான் நடந்தது.

எங்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசை அன்று ஒன்றாம் நம்பர் சீட்டை யாருக்கும் கொடுக்க மாட்டோம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டு. அதில் மஞ்சள் துணி விரித்து, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைப்போம். அது அம்மன் சீட்டு. ஏறுகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். டேஷ்போர்டில் மாதா படம் ஒட்டியிருக்கிறேன். அந்த மஞ்சள் துணியை என் கையால்தான் துவைத்துக் காயவைப்பேன். யாரும் இதில் குறை கண்டதில்லை.

எல்லார் கைக்கும் டச் போன் வந்த வருஷம் எங்களுக்குப் பேஜாரு ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. போனிலேயே சீட்டு பிடிக்கலாம் என்று விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு ஓரமாக விளம்பரத் தட்டி கட்டினான். இளவட்டங்கள் அங்கே போனார்கள். அப்புறம் அவர்களே அப்பா அம்மாவுக்கும் பிடித்துக் கொடுத்தார்கள். என் நோட்டில் பக்கம் காலியாகக் கிடந்தது. கம்பெனிக்காரன் எங்கள் ஆட்களையும் கூப்பிட்டான். வண்டியை எங்களிடம் ஓட்டு என்றான். முதலில் கூப்பிட்டது என் கூட்டாளியை.

என் மருமகள் விழுப்புரத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னிடம் அதிகம் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். ஒருநாள் சாப்பாடு போடும்போது, நமக்கும் அதுமாதிரி ஆப் செய்யலாம் மாமா, நான் செய்கிறேன் என்றாள். செய் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நான்கு மாதம் செய்தாள். சமையலுக்கும் துணிக்கும் நடுவில் செய்தாள். ஆறு வண்டியையும் போட்டோ பிடித்து உள்ளே வைத்தாள். ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டுப் படம். காலி சீட்டு வெள்ளை, பிடித்த சீட்டு சிவப்பு. ஒன்றாம் நம்பர் மட்டும் மஞ்சள். அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஏன் என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. எனக்கும் எழுதச் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் யாருக்கு அதை எழுதிக் காட்ட வேண்டும்?

தை அமாவாசைக்கு மறுநாள் அதை அனுப்பினாள். போனில் ஆப் எல்லாம் இருக்கிற ஸ்டோருக்கு. நேராக மக்களிடம் போகாதாம்.

"அவங்க ஒரு தபா பாத்துட்டுத்தான் வுடுவாங்க மாமா. ஒரு வாரம் ஆவும்."

மாசி அமாவாசைக்கு ஒரு மாதம் இருந்தது. அன்றைக்குத்தான் மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா, வருஷத்திலேயே பெரிய கூட்டம். அதற்குள் வந்துவிடும் என்று கூட்டாளியிடம் சொன்னேன். அதுவரைக்கும் கம்பெனிக்காரனுக்கு வாக்குக் கொடுக்காதே என்றேன். சரிண்ணே என்றான்.

ஒரு வாரம் ஆனது. "பரிசீலனையில் உள்ளது" என்று போட்டிருந்தது. பத்தாம் நாள் பதில் வந்தது. உங்கள் ஆப்பில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை, சரிசெய்து அனுப்புங்கள். எந்தப் பட்டன் என்று இல்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். என் போனில் பார்த்தாள், என் மகன் போனில் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தது. அப்படியே எழுதித் திருப்பி அனுப்பினாள்.

மறுபடி எட்டு நாள்.

விழுப்புரத்தில் எஃப்.சி.க்கு, வண்டி ஓடத் தகுதி என்று சான்று வாங்க, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து பார்ப்பார். பின் லைட் எரியவில்லை என்பார். எதிரே கடைக்குப் போய் பல்பு வாங்கி மாட்டிக்கொண்டு வந்து காட்டுவேன். கோபப்படுவார், திட்டுவார். ஆனால் ஆள் எதிரே நிற்பார். எது கெட்டது என்று விரலை வைத்துக் காட்டுவார். இங்கே விரலும் இல்லை, ஆளும் இல்லை. மருமகளிடம் போன் நம்பர் கேட்டேன். நம்பரே கிடையாது என்றாள். முகவரி கேட்டேன். அதுவும் இல்லை. உலகத்துக்கே கடை வைத்திருக்கிறான், போய்க் கேட்க ஒரு வாசல் வைக்கவில்லை.

எட்டாம் நாள் அதே பதில் வந்தது. இந்தத் தடவை ஒரு படம் வைத்திருந்தான். எங்கள் வண்டியின் சீட்டுப் படம். ஒன்றாம் நம்பர் சீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

மருமகள் போனை என் கையில் கொடுத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு நாள் போனது இதற்கா என்று காது சூடாகிவிட்டது.

"இது இன்னா சீட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதணும் மாமா. எப்படி எழுதட்டும்?"

"அம்மன் உக்கார்ற சீட்டு. எழுது."

"அம்மன் யாரு, எங்க ஏறுவாங்கன்னு கேப்பான்."

"எங்க வேணா ஏறுவாங்கன்னு எழுது."

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதினாள். இந்தச் சீட்டு சாமிக்கு உரியது, யாருக்கும் தரப்படாது, வேண்டுமென்றேதான் வேலை செய்யாமல் வைத்திருக்கிறோம் என்று எழுதியதாகச் சொன்னாள். ஆறு நாள் கழித்துப் பதில். பயன்படுத்த முடியாத சீட்டு என்றால் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது வேலை செய்ய வையுங்கள்.

எடுக்க முடியாது. கம்பெனி வண்டியில் ஒன்றாம் நம்பரையும் விற்கிறான் என்பதுதான் கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் எங்களோடு இருந்ததற்குக் காரணம். மஞ்சள் சீட்டு இல்லாத படத்தைப் பார்த்தால் இவனும் அவனைப் போல ஆகிவிட்டான் என்பார்கள்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கூட்டாளி திண்டிவனத்துக்கு வந்தான். பையில் வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்தான். அவன் கொல்லையில் விளைந்தது.

"இன்னாண்ணே, ஸ்டோர்க்காரன் இன்னா சொல்றான்? பொண்ணு பாத்துட்டுப் போனவன் மாதிரி ஊருக்குப் போயி கடுதாசி போடறேன்றானா?"

நடந்ததைச் சொன்னேன். மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு நாளைக்கு அந்தச் சீட்டத் தொறந்து வுடுண்ணே. அவன் தொட்டுப் பாத்துட்டுப் போவட்டும். அப்பால மூடிக்கலாம்."

"அது நம்முது இல்ல."

"நீ வேதக்காரன். உனக்கு இன்னாண்ணே இவ்ளோ ரோஷம்?"

"அதனாலதான். என்னுதா இருந்தா தொறந்து வுட்டிருப்பேன்."

மருமகளும் பக்கத்தில் நின்றாள். திறந்துவிட்டு அனுப்பினால், அவன் சரி என்று சொன்ன நிமிஷமே ஆப் மக்களிடம் போய்விடும், மூடுவதற்குள் யாராவது அந்தச் சீட்டைப் பிடித்துவிடுவார்கள், மூடுவதற்கும் திரும்ப அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்றாள். கூட்டாளி தோலை ஊதித் தள்ளினான்.

"கம்பெனிக்காரன் அமாவாச வரைக்கும்தான் டைம் குடுத்துருக்கான். வூட்ல தெனம் கேட்டுக்கினே இருக்காங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"வந்துடும்னு சொல்லு."

அவன் எழுந்து போனான். மீதி மல்லாட்டையை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவள் அதையே நான்காம் முறை அனுப்பினாள். ஒன்றையும் மாற்றவில்லை. நான் சொல்லச் சொல்ல ஒரு வரி மட்டும் எழுதினாள்: அந்தச் சீட்டு விற்பதற்கு இல்லை.

ஐந்து நாளும் காலையில் எழுந்ததும் அவள் போனைப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். பல் துலக்கப் போய்விடுவேன்.

மாசி அமாவாசை வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வண்டிகள் வரிசையாக நின்றன. போனை நீட்டிக்கொண்டு சனம் ஏறியது. எங்கள் வண்டிகள் பாதிகூட நிறையவில்லை. கூட்டாளி வண்டியில் ஏழு பேர். மஞ்சள் துணி விரித்து, வேப்பிலை வைத்து, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனான். மலையனூரில் வண்டிகளை நிறுத்துகிற கொல்லையில் அவனைப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டு எதிரே வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். மயானக் கொள்ளைக்குப் போய்வந்தால் சீட்டு இடுக்கெல்லாம் குங்குமமும் சுண்டலுமாக இருக்கும். பைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது மருமகள் வந்தாள்.

"வந்துடுச்சு மாமா."

"இன்னா சொல்லிக்கிறான்?"

"வாழ்த்துகள்னு போட்டிருக்கான்."

"சீட்டு?"

"அப்படியேதான் இருக்கு. மஞ்சளாத்தான் இருக்கு. தொட்டா ஒண்ணும் ஆவல."

முதல் நாள் அனுப்பியது எதுவோ அதுதான். ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு கலர் மாறவில்லை. முதல் ஆள் கூடாது என்றான், நான்காவது ஆள் சரி என்றான். ஆளா மெஷினா, அதுகூட எனக்குத் தெரியாது. ஏன் கூடாது, ஏன் சரி, இரண்டுக்கும் விளக்கம் கிடையாது. கையிலிருந்த பைப்பைத் தரையில் அடித்தேன். தண்ணீர் அவள் மேலும் பட்டது. அவள் நகரவில்லை. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. நான்கு மாத வேலை அவளுடையது.

கையைத் துடைத்துக்கொண்டு கூட்டாளிக்குப் போன் போட்டேன். வந்துவிட்டது என்றேன்.

"நேத்துதாண்ணே கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷத்துக்கு."

"ம்."

"முந்தாநேத்து வந்திருந்தாகூட..."

"சரி, வெய்யி" என்றேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்ட ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

சாயங்காலம் மருமகள் கேட்டாள். கூட்டாளி வண்டியை ஆப்பிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று. வண்டிகளை அவள் ஆப்புக்கு உள்ளேயே கட்டி வைத்திருந்தாள். வெளியிலிருந்து எடுக்கும் வழி அப்போது அவளுக்குத் தெரியாது. எடுத்தால் திரும்ப அனுப்ப வேண்டும். ஸ்டோர்க்காரன் திரும்பப் பார்க்க வேண்டும்.

அனுப்பு என்றேன்.

பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் ஆறு வண்டியும் போனில் தெரிந்தன. அடுத்த அமாவாசைக்குக் கூட்டாளி வண்டியில் சீட்டுப் பிடித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். கெடாரிலிருந்தே நான்கு பேர். அவர் வண்டிதானே, அவர் நல்லா ஓட்டுவாருங்களே என்றார்கள். ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன், அந்த வண்டி இப்போ எங்ககிட்ட ஓடலைங்க என்று.