கன்னம் பட்ட இடம்

கனடாவில், லாசாலில் அக்னெசின் வீட்டுக்குப் போகிறவர்கள் கதிரையில் இருக்கவே பயப்படுவார்கள். அவ்வளவு சுத்தம்! இருபது வருசம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்த கை, கறையைக் கண்டால் சும்மா இராது. கணவர் யேசுரட்ணம் செத்து, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அவருடைய உடுப்பையெல்லாம் தோய்த்து மடித்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனிதரின் மணத்தோடு ஒரு சேர்ட்கூட வீட்டில் இல்லையே என்று ஏங்கி ஏங்கியே பாதியாய்ப் போனாள்.

மிஞ்சியது துவக்கு ஒன்றுதான். பக்டரியில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகி, யேசுரட்ணம் வாங்கிய பழைய இராணுவ ரைபிள். "ஒறிஜினலடி, ஒரு ஆணிகூட மாத்தேல்லை" என்பார். அக்னெசின் தம்பி றொசான் விடுவானா? "அத்தானுக்கு ஆரோ பழைய இரும்பைத் தலையிலை கட்டிப்போட்டான்" என்று பிறந்தநாள், கலியாணம் ஒன்று விடாமல் நக்கலடிப்பான். மனுசன் சிரித்துச் சமாளிப்பார். அக்னெசுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. இனி விற்கத்தான் வேண்டும். விற்குமுன், அவர் ஏமாறவில்லை என்று விசயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய துவக்குகளை மதிப்பிடும் டனிஸ்ரன், தன் கடை மேசையில் அதைக் கிடத்தி டோர்ச் அடித்துப் பார்த்தான். துவக்கின் உடம்பில் பொறித்திருந்த இலக்கமே போல்ட்டிலும் மகசீனிலும் இருந்தது.

"அண்ணை ஏமாறேல்லை, அக்கா. உலகச் சண்டைக் காலத்திலை கனடாவிலையே செய்தது. எல்லாம் ஒரே துவக்கின்ரை சாமான்தான்."

அக்னெசுக்கு வயிறு குளிர்ந்தது. கேட்டியோடா றொசான் என்று மனதுக்குள் தம்பிக்கு ஒரு குட்டுப் போட்டாள்.

"ஆனா தோளிலை வைக்கிற இந்த மரக்கட்டையை ஆர் தேய்ச்சது?"

"நான்தான். நாலு பேர் பாக்கிற சாமானை ஊத்தையாக் கொண்டுவாறதோ? சாண்ட்பேப்பர் போட்டு, கழுவி, எண்ணெய் பூசினனான்."

டனிஸ்ரன் தலையில் கை வைத்தான். "ஐயோ அக்கா! மரத்திலை குத்தின ராணுவ முத்திரையெல்லாம் அழிஞ்சு போட்டுது. அதுக்குத்தான் காசு குடுப்பாங்கள். இனிப் பாதி விலைதான் தேறும்."

"விலை கிடக்கட்டும், தம்பி."

அவன் கட்டையைத் திருப்பினான். "இடப்பக்கம் கறுப்பா ஒரு திட்டு இருந்ததோ?"

"ஓம், பெரிய பிசுக்கு. அதுதான் என்னைப் படாதபாடு படுத்தினது. மூண்டு நாள் விடாமத் தேய்ச்சன்."

"அது பிசுக்கில்லை, அக்கா. குறி பாக்கேக்கை கன்னம் படுற இடம். அண்ணை எத்தினை வருசம் வைச்சிருந்தவர்?"

"இருபத்திரண்டு."

"அவ்வளவு வருச வேர்வையும் ஊறித்தான் மரம் அப்பிடிக் கறுக்கிறது."

அக்னெஸ் அவனைக் கேட்காமலே குனிந்து, அந்த இடத்தில் தன் கன்னத்தை வைத்தாள். மரம் வழுவழுவென்று புத்தம் புதிதாய் இருந்தது.

"மரத்துக்கு உள்ளுக்கை ஏதும் மிச்சம் இருக்குமோ, தம்பி?"

டனிஸ்ரன் டோர்ச்சை அணைத்தான்.

"அவரை நானே தேய்ச்சுக் கழுவிப்போட்டனே" என்று அக்னெஸ் வாய்விட்டு அழுதாள்.