வெடிச் சத்தத்துக்கு அப்பால், முக்கொம்பு வரை

தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளி ஜங்ஷனுக்கு முப்பத்தோரு மைல். மூன்றாம் வகுப்பில் பத்தணா சில்லறை. இந்தத் தூரத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, துக்கம் கேட்க. எனக்காக மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது இந்த நாற்பத்தாறாவது வயதில்தான். அதுவும் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வீட்டில் நெய்யும் மாவும் வந்து இறங்கிவிட்ட பிறகு.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண், சரோஜா. கும்பகோணத்தில் கொடுத்திருந்தோம். மாசி மாதம் பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பெற்றவர்களுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நாலாம் நாள் தலைமுழுகிவிட்டுக் கோலம் போடலாம், பண்டிகை கொண்டாடலாம். இதை எழுதிவைத்தவர்கள் யாரும் பிள்ளை பெற்றவர்களாக இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆவணியில் மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, சின்ன வயது. இப்படி இரண்டாம் தாரமாக வருகிறவளை, மூத்தவளின் பிறந்த வீட்டார் தங்கள் பெண்ணாக ஏற்றுக்கொள்வது எங்களில் வழக்கம். வந்தவள் பெயர் ராஜம். தாய் தகப்பன் இல்லாதவள். வளர்த்த சித்தப்பா கல்யாணத்தோடு கை கழுவிவிட்டார். அதனால் தலைதீபாவளிக்கு இரண்டு பேரையும் நம் வீட்டுக்கே வரச்சொல்லிவிட்டதாக என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தீபாவளி விடியலில் பெண்ணை மணையில் உட்காரவைத்துத் தாயார்தான் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். சரோஜா உட்கார்ந்த மணை அதேதான், கிண்ணமும் அதேதான். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. கை எழும்பாது, அவ்வளவுதான். ஆனால் 'எனக்கு முடியவில்லை, கொஞ்சம் நிம்மதியாக விடுங்கள்' என்று குடும்பத்துப் பெண் ஒருத்தி சொன்னால் மந்திரிக்கத்தான் கூட்டிப்போவார்கள். ஐப்பசி மாதம், ஸ்ரீரங்கத்தில் துலா ஸ்நானம் செய்ய வேண்டும் என்று சொன்னால் வாயடைத்துப் போவார்கள். நான் புண்ணியத்தைச் சொன்னேன். வீட்டையும் விருந்தாளிகளையும் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. என் வீட்டுக்காரர் தாமே வந்து பெண்கள் வண்டியில் ஏற்றிவிட்டார். தீபாவளி அன்றைக்காவது வந்துவிடலாமே என்று ஜன்னலோரம் நின்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

ஜங்ஷனில் இறங்கும்போது பகல் பதினொரு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு ஆறு மைல். ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாயில் ஆரம்பித்துப் பத்தணாவுக்கு இறங்கினார். காதர் என்று பெயர், பாலக்கரையில் வீடு. வாயாடி மனுஷர், ஆனால் பேச்செல்லாம் குதிரையைப் பற்றி. மலைக்கோட்டைப் பக்கம் வரும்போது தெருவில் யாரோ ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். குதிரை எகிறியதில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் மூட்டை என் மடிக்கே வந்துவிட்டது. காதர் குதித்து இறங்கி, குதிரையின் முகத்தைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அது அடங்கும்வரை பின்னால் நின்ற வண்டிகளின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார்.

"சுல்தானுக்கு வெடின்னா ஆகாதும்மா" என்றார் திரும்பி ஏறியதும். "தீபாவளி அன்னிக்கு நான் சவாரி எடுக்கறதில்லை. விடிஞ்சதும் இவனைக் கூட்டிக்கிட்டு முக்கொம்புக்குப் போயிடுவோம், நானும் வீட்டுல அவங்களும். ஊரு அடங்கினப்புறம்தான் திரும்பறது."

ஒரு குதிரையின் நிம்மதிக்காகக் குடும்பமே ஊரைவிட்டுப் போகிறது. அதற்குப் புண்ணியத்தையோ ஸ்நானத்தையோ காரணம் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது; பல மாதமாகிவிட்டதால் அது தொண்டையில் வேறு மாதிரி கேட்டது. காவேரிப் பாலத்தில் போகும்போது கீழே செந்நீர் கரையோடு கரையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் வேதவல்லி வீடு. சின்ன வயதில் தஞ்சாவூரில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். மறுநாள் விடியலில் இருவரும் அம்மா மண்டபத்துக்குப் போனோம். மற்ற மாதங்களில் பெருமாளுக்குத் தீர்த்தம் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் போகிறது. ஐப்பசியில் மட்டும் காவேரியிலிருந்து தங்கக் குடத்தில், யானைமேல். நாதஸ்வரம் முன்னே போக யானை படியேறுவதைப் பார்க்க அத்தனை கூட்டம். பார்க்க வேண்டிய காட்சிதான். நான் பார்த்தேன், மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

வீடு திரும்பியதும் ஆரம்பித்தார்கள். வேதவல்லி தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள், நல்ல எண்ணத்தில்தான். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பகவத் சங்கல்பம் என்றார் ஒரு மாமி. பெருமாள் திருவடியை அடைந்துவிட்டாள், அழக்கூடாது என்றார் இன்னொருவர், அவரே அழுதுகொண்டு. அவருக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் சொன்னேன். என் நிம்மதியைத் தேடி முப்பத்தேழு மைல் வந்து, ஊரார் துக்கத்துக்கு நான் விசிறி வீசிக்கொண்டிருந்தேன். இத்தனை பேரில் சரோஜா என்று பெயர் சொன்னவர் ஒருவருமில்லை. 'அவள்', 'குழந்தை', 'அந்த விஷயம்' என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

சாயங்காலம் கடைக்குப் போகும்போது கோபுர வாசலில் காதரின் வண்டி நின்றது. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: நாளைக்கு முக்கொம்புக்கு நானும் வரலாமா என்று. அவர் ஒரு கணம் பார்த்தார். வீட்டில் அவங்களும் வருகிறார்கள், தாராளமாக வாருங்கள் என்றார். வேதவல்லிக்கு மனத்தாங்கல்தான். முக்கொம்பில் காவேரி பிரிகிற இடத்தில் ஸ்நானம் செய்தால் விசேஷம் என்று அவளிடம் ஒரு புதிய புண்ணியத்தைச் சொல்லிவைத்தேன்.

தீபாவளி அன்று, ஊர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வேளையில் புறப்பட்டோம். பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினால் கரூர் ரோடு, பதினோரு மைலும் காவேரிக் கரைதான். வாழைத் தோட்டம் முடிந்தால் வயல், வயல் முடிந்தால் மறுபடி வாழை. காதரின் மனைவி ஆமினா என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கலாம். காந்தி மார்க்கெட் பக்கம் வளையல் விற்கிறவள். பண்டிகைக்கு முக்கொம்பில் கூட்டம் வரும், நாலு ஜோடி போகாதா என்று வளையல் கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் வெடிச் சத்தம் நின்றுபோயிற்று. சுல்தானின் காதுகள் தளர்ந்தன. பாருங்க பாருங்க என்று ஆமினா எனக்குக் காட்டினாள்.

முக்கொம்பில் மேலணை. இதுவரை ஒன்றாக வந்த ஆறு இங்கே இரண்டாகி, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவேரியாகவும் போகிறது. மதகில் விழுகிற தண்ணீர்ச் சத்தம் காதை நிறைத்துவிடுகிறது; வேறெதையும் யோசிக்க விடாத சத்தம். காதர் குதிரையை அவிழ்த்துவிட, அது மணலில் புரண்டு எழுந்து மரத்தடியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டது. அவரவர் கட்டிவந்ததை அவரவர் சாப்பிட்டோம். அதில் அவர்களுக்கும் கட்டுப்பாடு, எனக்கும் கட்டுப்பாடு. கொய்யாப்பழம் மட்டும் பொது.

எத்தனை பிள்ளைகள் என்று ஆமினா கேட்டாள். ஒரு பெண் என்றேன். பெயர் கேட்டாள், சரோஜா என்றேன். கட்டிக்கொடுத்தாயிற்றா என்றாள். ஆயிற்று, கும்பகோணத்தில் என்றேன். கேட்டதற்குச் சொன்னேன், ஒன்றும் பொய்யில்லை. பிறகு அவள் கேட்காததையும் சொன்னேன். சரோஜாவுக்கு வெந்தயக் குழம்பு ஆகாது. தீபாவளி முறுக்கை மாவாகவே பாதி தின்றுவிடுவாள். மத்தாப்பைக் கையில் பிடிக்கப் பயம், என் கைமேல் கை வைத்துத்தான் பிடிப்பாள். ஆமினா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு முற்பகல் முழுக்க என் பெண் உயிரோடு இருந்தாள். நான் தேடி வந்த நிம்மதி இதுதான் என்று அந்த மரத்தடியில் தெரிந்தது. தெரிந்தபோதே பயமாகவும் இருந்தது.

"தீபாவளிக்கு வரலைங்களா பொண்ணு?" என்றாள் ஆமினா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "வந்திருக்கா" என்றேன். "மாப்பிள்ளையும் வந்திருக்கார்."

ஆமினா உரித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையைக் கீழே வைத்தாள். "பொண்ணு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கு. நீங்க இங்க வந்து தண்ணியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது யாரு மொகத்தம்மா பார்க்கும்?"

மணையில் உட்கார்ந்து யார் வருவார்கள் என்று கதவைப் பார்க்கிற ஒரு தலை என் கண்ணில் வந்தது. அது சரோஜாவின் தலை இல்லை. நான் அழ ஆரம்பித்ததும், தாயும் மகளும் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று ஆமினா தீர்மானித்துவிட்டாள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், பெரியவள் நீங்கள்தான் இறங்கிப்போக வேண்டும் என்று கண்டித்தாள். கூடையைத் திறந்தாள். பொண்ணு கை எப்படி இருக்கும் என்று கேட்டாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்துக் காட்டினேன், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வளையத்தைப் பார்த்தே பச்சைக் கண்ணாடி வளையல் அரை டஜன் எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

பக்கத்தில் எலமனூர் ரயில் நிலையம். அங்கே ஏறி ஜங்ஷனில் மாறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தஞ்சாவூர். சுல்தான் ஊருக்குள் போக வேண்டியதில்லை என்பதால் காதருக்கும் சம்மதம். வேதவல்லியிடம் சொல்லி மூட்டையை அனுப்புவதாகச் சொன்னார். வண்டி வந்ததும் ஆமினா ஜன்னல் பக்கம் வந்து, பொண்ணைக் கேட்டதாகச் சொல்லுங்க என்றாள். நான் தலையசைத்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்திருப்பாள்.

தஞ்சாவூர் முழுக்க வெடி. எங்கள் வீட்டு வாசலில் காகிதக் குப்பை கணுக்கால் அளவு. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். காலையில் நாத்தனார்தான் எண்ணெய் வைத்தாளாம். ராஜம் சமையலறையில் புதுப் புடவையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பதினேழு வயது இருக்கும். கூடத்துக்கு வரச்சொல்லிக் காகிதத்தைப் பிரித்தேன். கையை நீட்டினாள்.

வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. பிறர் வீட்டில் உழைத்த கை, அகலமாகக் காய்த்திருந்தது. "எனக்குப் பெரிய கைங்க" என்றாள், அது தன் குற்றம்போல.

காலையில் வைத்த எண்ணெய்க் கிண்ணம் மாடத்தில் மிச்சத்தோடு இருந்தது. எடுத்துவரச் சொன்னேன். நல்லெண்ணெயை அவள் புறங்கையில் ஊற்றி, முட்டிவரை அழுத்தித் தேய்த்து, விரல்களைக் குவித்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். வலித்திருக்கும், சொல்லவில்லை. நாலு ஏறின. இரண்டு உடைந்தன. பண்டிகை நாளில் கையில் வளையல் உடைந்ததே என்று அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதே. இது ரெண்டும் உனக்கு வந்ததில்லை" என்றேன். "சரோஜாவோடது."

அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் சொல்லாத பெயர். என் வீட்டுக்காரர் வாசலில் திரும்பிப் பார்த்தார். ராஜம் குனிந்து, தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பொறுக்கி, என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டேன்.