அப்பாவும் ஸ்ரீரங்கத்து நாலு வீடுகளும்

அப்பா கண் மூடிய காலையில் அருகில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, அத்தான், நான், எங்கள் நாலு வீடுகளில் மூன்றாவதில் குடியிருக்கும் டைலர் பாய். இல்லாதவர், மருங்காபுரியில் இருக்கும் சித்தப்பா ஒருவர்தான். வீட்டில் பங்கு கிடைக்காத கோபத்தில் அவர் வரவில்லை என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நாங்கள் அடித்த தந்தி சித்தப்பா கைக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அந்தத் தந்தியை வாங்கி, தபால் முத்திரையைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

அப்பா பிறந்தது மருங்காபுரிப் பக்கத்தில் ஒரு வானம் பார்த்த பூமியில். தாத்தாவுக்கு இரண்டு காணி நிலம் இருந்தது. விதைக் கடனுக்கு என்று சொல்லி ஒரு காகிதத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அது கிரயப் பத்திரம் என்று அடுத்த அறுப்பின்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். நடந்தே திருச்சிக்கு வந்து, சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரி என்று பெயர் எடுத்தார். எழுத்து என்றாலே அவருக்கு ஒரு பயம் கடைசிவரை இருந்தது. அந்தப் பயத்தினால்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "நம்ம வீட்டுலயும் ரெண்டு கண்ணு வேணும்டா" என்பார். எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான் ஒருவன்தான்.

நயா பைசா வந்த சமயத்தில், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நாலு சிறு வீடுகள் விலைக்கு வந்தன. ஓடு சரிந்து, கதவு பெயர்ந்து, ஆடு கட்டும் இடமாகக் கிடந்தன. எல்லாரும் வாசலோடு திரும்பினார்கள். அப்பா உள்ளே போய்க் கொத்தனார் கரண்டியின் பிடியால் சுவரெல்லாம் தட்டினார். பிறகு காரையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மேஸ்திரி, வீட்டை வாங்கறீங்களா, தின்னு பாக்கறீங்களா?" என்று தரகர் சிரித்தார்.

"உப்பு இல்ல. சுவர் நிக்கும். நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க, விலையைச் சொல்லுங்க" என்றார் அப்பா.

பகலில் ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு, மாலையில் எங்கள் வீட்டைக் கட்டினார். அம்மாதான் சித்தாள். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு போட்டார்கள். தரைக்குக் கடப்பைக்கல், கிணற்றுக்கு உருளை, நாலு வீட்டுக்கும் தனித்தனிக் குளியல் மறைப்பு. ஒரு வீடு முடிந்ததும் அதை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டைத் தொடுவார். இப்படி நாலும் முடிய மூன்று வருடம் ஆயிற்று.

குடிவந்தவர்களை அப்பா நம்பியதில்லை. இதை மறைத்து எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். வாடகைக்கு எந்தத் தேதியில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் முதலில் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பார், பிறகு சுவரில் ஆணிகளை எண்ணுவார். ஒருமுறை டைலர் பாய் வீட்டுத் துணிக்கொடி முன்னால் நின்றுவிட்டார்.

"பாய், வீட்டுல ஆம்பளை நீங்க ஒருத்தர். கொடியில நாலு கைலி காயுது. மீதி மூணும் யாருது? உள்வாடகைக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு நேத்துக் கட்டினது, ஒண்ணு முந்தாநாள் கட்டினதுண்ணே. நாலாவது தைக்கக் குடுத்தவரோடது, கறை பட்டுப்போச்சு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அப்பா சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமும் எண்ணினார்.

அப்பா யாருக்கும் வாடகை ரசீது கொடுத்ததில்லை. "ரசீது கேக்கறவன் நாளைக்கு வீட்டைக் கேப்பான்" என்பது அவர் சட்டம். முதல் வீட்டில் ஒரு குமாஸ்தா குடியிருந்தார். ஒரு சொல் கூடுதலாகப் பேசாதவர், வாடகையைக் கவரில் போட்டுக் கொடுப்பவர். அந்தக் கவரே அப்பாவுக்கு உறுத்தல். "பணத்துக்கு எதுக்குடா சட்டை?" என்று என்னிடம் கேட்பார்.

ஒரு மாதம் அப்பா வேலையாக வெளியூர் போயிருந்தபோது வாடகை வாங்க நான் போனேன். குமாஸ்தா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "தம்பி, பையனுக்கு ஸ்கூல்ல சம்பளச் சலுகை கேக்கறேன். வாடகை ரசீது ஒண்ணு வேணுமாம். நீங்க படிச்சவர், உங்களுக்குத் தெரியும்" என்றார். பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கும் விண்ணப்பத் தாளையும் காட்டினார். படிச்சவர் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. மேஜை மேல் தாள் வைத்து, பதினெட்டு ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, அப்பாவுக்காக என்று என் பெயரை நீளமாகக் கையெழுத்திட்டேன். அப்பாவிடம் பணத்தைக் கொடுத்தேன். ரசீதைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுவருடம் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை. அத்தானுக்குச் சின்னக்கடைத் தெருவில் ஜவுளிக்கடை வேலை, குடியிருப்பது ஒரே அறை. முதல் வீட்டைத் தருவதாக அப்பா கல்யாணத்திலேயே சபையில் வாக்குக் கொடுத்திருந்தார். குமாஸ்தாவைக் காலி செய்யச் சொன்னார். அவர் வேறு வீடு கிடைக்கட்டும் என்றார். காலி செய்யச் சொன்ன பிறகு வாடகை வாங்கினால், இருந்துகொள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அப்பாவின் எண்ணம். வாங்க மறுத்தார். குமாஸ்தா மணியார்டர் அனுப்பினார். தபால்காரர் ஒவ்வொரு மாதமும் வந்து, "மேஸ்திரி, வீடு தேடி வர்ற லட்சுமியை விரட்டறது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்துப் போனார்.

கடைசியில் வக்கீலிடம் போனோம். "ஏதாச்சும் சீட்டு, கடுதாசி எழுதிக் குடுத்திருக்கீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஒரு துண்டுக் காகிதம் கிடையாதுங்க. என் வீட்டுலேருந்து எழுத்து வெளிய போனதே இல்ல."

அப்பா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

கோர்ட்டிலும் சத்தியம் செய்து அதையே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். என் கையெழுத்தை நானே படித்தேன். எழுதிக் கொடுத்ததை இல்லை என்று சத்தியம் செய்கிறவர் சொல்லை நம்புவதற்கில்லை என்று மனு தள்ளுபடியானது. முப்பது வருடம் ஒருவரையும் ஏமாற்றாத மனிதர், பொய்யர் என்று பெயர் வாங்கிப் படியிறங்கினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

பஸ் தூரத்தில் வந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாலு வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பாத்தேன்டா. நீ இருக்கியேன்னு உன்னை இழுத்துப் பாக்கல."

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை அவர் விடவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னையும் அழைத்துக்கொண்டு குமாஸ்தா வீட்டுக்குப் போனார். கதவு விரலளவு திறந்தது.

"யாரு?"

"வீட்டுக்காரன்."

"கூட யாரு? ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"உங்களுக்கு ரசீது எழுதிக் குடுத்த ஆள்தான். பயப்படாதீங்க."

உள்ளே போனோம். எங்கே அடியாட்கள் வருவார்களோ என்று அவர் மாதக்கணக்காகப் பிள்ளைகளை வாசலில் விளையாட விடவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. தம்மை யாராவது சந்தேகப்படுவார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ரசீது பையன் படிப்புக்குத்தான் மேஸ்திரி. நீங்க மணியார்டரை வாங்கியிருந்தா நான் அதைப் பெட்டியை விட்டே எடுத்திருக்க மாட்டேன்" என்றார் குமாஸ்தா.

"நான் நம்பல" என்றார் அப்பா. "ஆனா நீங்க போக என்ன வேணும்னு சொல்லுங்க."

பழைய வாடகையைக் கேட்பதில்லை, வேறு வீட்டு முன்பணத்துக்கும் வக்கீல் செலவுக்கும் ஒரு தொகை தருவது என்று முடிவாயிற்று. பணத்தை எண்ணி வைத்துவிட்டு அப்பா சொன்னார்: "ரசீது எழுதிக் குடுங்க."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

முதல் வீட்டுக்கு அக்கா குடிவந்தாள். அந்த மாதம் முதல் மற்ற மூன்று வீட்டு ரசீதுகளையும் என்னையே எழுதச் சொன்னார். எழுதியதும் டைலர் பாயிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்பார். மூச்சிரைப்பு வந்து படுத்த பிறகும், பாயை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்கச் சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை. படிக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்பது சரியான ஏற்பாடுதான்.

எழுதியிருந்ததை எழுதியபடியே படித்துக் காட்டிய பாய்க்கும், கடைசி மூன்று மாதம் இரவு பகல் பார்க்காமல் கவனித்த அக்காவுக்கும் அத்தானுக்கும், தந்தி கண்ட உடன் முதல் பஸ் பிடித்து வந்து பத்து நாளும் கூட நின்ற சித்தப்பாவுக்கும், தோள் கொடுத்த கொத்தனார்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று பாக்கி. வழக்கில் ஐயாயிரம் இழந்ததாகச் சொல்லி, மேஸ்திரி அதை அக்கா பேரில் போட்டு மறைத்தார் என்றெல்லாம் உறவினர் சிலர் நினைத்திருப்பதாக அறிகிறேன். சந்தேகம் வேண்டாம். வாங்க மறுத்த ஒன்பது மாத வாடகை நூற்று அறுபத்திரண்டு. எங்கள் வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் நூற்று முப்பது. குமாஸ்தாவுக்குக் கொடுத்தது முந்நூற்று இருபத்தைந்து. நாலு வீட்டையும் அப்பா வாங்கியது இரண்டாயிரத்து நானூறுக்கு, அதாவது வீடு ஒன்றுக்கு அறுநூறு ரூபாய். தம் சொந்த வீடுகளில் ஒன்றை மறுபடி வாங்க அவருக்கு ஆனது அறுநூற்றுப் பதினேழு ரூபாய்.